பாலைவனத்தில் பூஞ்சணம்!

பூஞ்சணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்கள் மொத்தம் மூன்று. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விட்டால் வரும். ஐப்பசி மாதம் பீரோவில் தொங்கும் லெதர் பெல்ட்டில் வரும். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை இன்னொரு தரம் போட்டுக்கொள்ளலாமே என்று ஆசையாக வெளியே எடுத்தால் அதில் கட்டாயம் வந்திருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான். வெயிலில் காயப் போடுவது.

ஆகவே, வெயிலைத் தவிர வேறெதுவும் விளையாத ஊரிலிருந்து அக்கா போன் பண்ணி, "டேய் தம்பி, வீட்ல பூஞ்சணம்டா. ஆள் வெச்சுப் பார்க்கணுமாம்" என்றபோது நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

ஊர் அமெரிக்காவில் அரிசோனா மாநிலம். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர். அத்தானுக்கு அங்கே கம்ப்யூட்டர் சில்லு செய்யும் கம்பெனியில் வேலை. அந்தப் பேட்டையில் தடுக்கி விழுந்தால் "பாத்து சார்" என்று யாராவது தமிழிலேயே தூக்கிவிடுவார்கள். வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 180 மில்லிமீட்டர். 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையில் ஒரே நாளில் இதைவிட அதிகம் கொட்டியது. அந்த ஊரில் பூஞ்சணமா?

டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தேன். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு லீவு கேட்கும் தொல்லை கிடையாது. சம்பளம் வாங்கும் தொல்லையும் கிடையாது. 2025 ஆகஸ்ட் முதல் வாரம் போய் இறங்கினேன். ஏர்போர்ட் கதவு திறந்ததும் தோசைக்கல்லில் கன்னத்தை வைத்த மாதிரி இருந்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டைப் பின்கட்டில் உலர்த்தினேன். ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் துண்டு அப்பளமாகியிருந்தது.

அன்று ராத்திரிதான் எனக்குச் சிரிப்பு போனது. பக்கத்து அறையில் அக்கா மகள் இருமினாள். ஆறு வயசு. ஏற்கெனவே கொஞ்சம் இளைப்பு உள்ள குழந்தை. ஜூன் மாதத்திலிருந்து ராத்திரி ஆனால் இருமல், விசில் மாதிரி மூச்சு. அக்கா எழுந்துபோய் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஹாலில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

காலையில் காட்டினார்கள். குழந்தை ரூமில் சுவரோடு சேர்ந்த துணி அலமாரி. கவுன்களை ஒதுக்கினால் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மழைக்கால ரேஷன் கடையில் சாக்கு வாசனை.

அத்தான் விஞ்ஞானி. எதையும் நிரூபித்துப் பார்க்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி வந்திருக்கிறார். சின்னக் கிண்ணத்தில் ஜெல்லி. திறந்து வைத்து, மூடி, சில நாள் கழித்துப் பார்க்க வேண்டும். பார்த்தார். பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஒரு நந்தவனமே பூத்திருந்தது. அப்போதே பாதி உயிர் போய்விட்டது அவருக்கு. காற்றில் பூஞ்சண விதை இல்லாத வீடு உலகத்திலேயே இல்லை, அந்தக் கிண்ணத்தை எங்கே வைத்தாலும் ஏதாவது முளைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

மீதி உயிரை எடுக்க வந்தது 'இலவசப் பரிசோதனை' கம்பெனி. இஸ்திரி போட்ட யூனிஃபாரத்தில் ஒருவர் வந்தாராம். கால் மணி நேரம். அலமாரிக்குள் ஒரு சின்னப் பம்பை ஓடவிட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டு போனார். நாலு நாளில் பதினாலு பக்க ரிப்போர்ட். அதில் பாதி, பூதக்கண்ணாடியில் பெரிதாக்கிய பூஞ்சணத்தின் கலர் போட்டோக்கள். பேய்ப் படப் போஸ்டர் தோற்றது போங்கள். கடைசிப் பக்கத்தில் பில். வீடு முழுக்க மருந்துப் புகை அடிப்பது, ஏ.சி. குழாய்களையெல்லாம் மாற்றுவது, மூன்று சுவரை உடைப்பது, ஆக 11,400 டாலர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் பத்து சதவீதம் கழிவு. ஆடித் தள்ளுபடி அந்த ஊரிலும் இருக்கிறது.

ரூபாய்க்கு மாற்றக் கூடாது என்றுதான் பார்த்தேன். பி.காம். படித்த கை, தானாக மாற்றிவிட்டது. ஏறக்குறைய பத்து லட்சம்.

அத்தான் கையில் பேனா இருந்தது.

"குழந்தை விஷயம் மாப்ள. இதுல காசைப் பார்த்தா முடியுமா?"

அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அவர் கண்ணைப் பார்த்தால் கிட்னியைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார் போலிருந்தது. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. காலேஜில் மூன்று வருஷம் தூங்கிக்கொண்டே கேட்ட ஆடிட்டிங் வகுப்பு.

"அத்தான், பூஞ்சணம் இருக்குன்னு சொல்றது யாரு?"

"இந்தக் கம்பெனி."

"எடுக்கப்போறது?"

"இவங்கதான்."

"சுத்தமா எடுத்தாச்சான்னு பார்த்துச் சர்ட்டிபிகேட் குடுக்கப்போறது?"

அத்தான் பேனாவை மூடினார்.

கணக்கு எழுதுகிறவனே கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது. நம் ஊரில் 2013 கம்பெனிச் சட்டத்தில் 144-ம் பிரிவு என்றே ஒன்று இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு ஆடிட்டராக இருப்பவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது. நான் படித்து முடித்த பிறகு வந்த சட்டம் என்பதால் பரீட்சையில் என்னைத் தொல்லை செய்யவில்லை. அதனாலேயே ஞாபகம் இருக்கிறது.

பூஞ்சணத்துக்கும் அமெரிக்காவில் இந்த மாதிரி சட்டம் உண்டு. டெக்சாஸ், ஃப்ளோரிடா, நியூயார்க் மாநிலங்களில் பூஞ்சணம் பார்ப்பவர் லைசென்ஸ் வாங்க வேண்டும். பார்த்தவரே அந்த வேலையை எடுத்துச் செய்வதற்கும் அங்கே தடை. சரி, அரிசோனாவில்? ஒன்றும் கிடையாது. முடி வெட்ட அந்த மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டும். பூஞ்சணம் பார்க்க வேண்டாம். வீடு வாங்கும்போது வந்து பார்க்கும் பொதுவான இன்ஸ்பெக்டர்களுக்கு அரசாங்கச் சான்று இருக்கிறது. பூஞ்சணம் அவர்கள் பொறுப்பில் சேராது. விசிட்டிங் கார்டு அடிக்கக் காசிருந்தால் நாளைக்கே நானும் அங்கே நிபுணன்.

ஆக, நல்ல ஆளை நாமே பொறுக்க வேண்டும். மூன்று சாயங்காலம் போனும் கையுமாக உட்கார்ந்தோம். முதல் கேள்வியாக எதைக் கேட்பது என்று அக்கா சொன்னாள்: "'எடுக்கிற வேலையும் நீங்களே செய்வீங்களா'ன்னு கேளுங்க. 'ஆமா'ன்னா வெச்சுடுங்க." இந்த ஒரு கேள்வியில் பாதிப் பேர் விழுந்தார்கள். ஒருவர், "நாங்க செய்யறதில்லே, என் மச்சான் செய்வான்" என்ற ரகத்தில் பதில் சொன்னார். அவரும் அவுட்.

அடுத்து சர்ட்டிபிகேட். பெயருக்குப் பின்னால் எல்லோருக்கும் நாலு எழுத்து இருக்கிறது. சிலது சனி ஞாயிறில் வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்குவது. ஏ.சி.ஏ.சி. என்கிற அமைப்பு கொடுப்பது அப்படியல்ல. பரீட்சை உண்டு, அதோடு இத்தனை வருஷம் நிஜமாகவே இந்த வேலை பார்த்தாரா என்று விசாரித்துக் கொடுப்பார்கள். சி.ஐ.எச். என்று இன்னொன்று, தொழிற்சாலைச் சுகாதார நிபுணர்களுக்கானது, அதற்கும் பட்டம், அனுபவம், பரீட்சை மூன்றும் வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் ஈடுகட்ட இன்சூரன்ஸ் இருக்கிறதா, பழைய ரிப்போர்ட் ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டுவாரா, சாம்பிளை எந்த லேபுக்கு அனுப்புவார் என்றெல்லாம் கேட்டோம். பெண் பார்க்கும்போது கூட இவ்வளவு விசாரித்ததில்லை. விசாரித்திருக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள், என்னைப் பற்றி.

ஏழாவதாகப் பேசிய அம்மாளிடம் நாங்கள் கேள்வி கேட்க முடியவில்லை. அவர்தான் எங்களைக் கேட்டார். இருபது நிமிஷம். வீடு எந்த வருஷம் கட்டியது? ஏ.சி. மெஷின் கூரை மேலா, மச்சிலா? வாசனை மழை பெய்தால் வருகிறதா, ஏ.சி. ஓடினால் வருகிறதா? கூலர் உண்டா? (நம் ஊரில் வெட்டிவேர் தட்டி வைத்து, தண்ணீர் விட்டுக் காற்றடிக்கும் அதே சமாசாரம்தான். அரிசோனாவின் பழைய வீடுகளில் கூரை மேல் இருக்கும். காய்ந்த வீட்டுக்குள் ஈரத்தை இலவசமாக இறைக்கும்.) சுவரை ஒட்டிச் செடி இருக்கிறதா? அதற்குத் தண்ணீர் எப்படி விடுகிறீர்கள்? பூஞ்சணத்தைப் பற்றி அவர் கேட்டது கடைசியில் ஒரே கேள்வி. மற்றதெல்லாம் தண்ணீரைப் பற்றி.

ஃபீஸ் 475 டாலர். காலை ஆறு மணிக்கு வருவேன் என்றார். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், "மச்சில் ஏற வேண்டும். பத்து மணிக்கு மேல் ஏறினால் என்னை இறக்க நீங்கள் ஆள் கூப்பிட வேண்டும்" என்றார். ஆகஸ்டில் வெளியே 43 டிகிரி என்றால் கூரைக்கடியில் 60-ஐத் தாண்டும். பட்டப்பகலில் வருகிறேன் என்று சொல்பவர் மச்சைப் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்!

அறுபது வயசிருக்கும். முழங்காலில் ரப்பர் பட்டை. கையில் டார்ச். வந்ததும் அலமாரிப் பக்கமே போகவில்லை. நல்ல சுவராகப் பார்த்து ஈரமானியின் இரண்டு ஊசியைக் குத்தி எண்ணைக் குறித்துக்கொண்டார். இந்த வீட்டில் காய்ந்த சுவர் எவ்வளவு காட்டும் என்று தெரிந்தால்தானே ஈரச் சுவரைச் சொல்ல முடியும்? அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். சில்லு கம்பெனியில் அவர் வேலையே காற்றில் தூசு எண்ணுவது. ஒப்பிட ஒன்று இல்லாமல் எண்ணை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று தினம் நாலு பேரைத் திட்டுகிறவர். இலவசக்காரர் வீட்டுக்கு வெளியே ஒரு சாம்பிள்கூட எடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு அலமாரி. கறுப்பைப் பார்க்கும் முன் குனிந்து கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கினார். அடியில் கார்ப்பெட்டைப் பிடித்துவைக்கும் ஆணிப்பட்டை. ஆணிகள் எல்லாம் துரு. "பாலைவனத்தில் ஆணி சும்மா துருப்பிடிக்காது" என்றார். ஊசியைக் குத்தினார். மீட்டர் அலறியது.

வெப்பம் பார்க்கும் கேமராவில் சுவரின் மேல் மூலையிலிருந்து கீழே வரை நீலமாக ஒரு நாக்கு. பூஞ்சணமா என்று கேட்டேன். "இது எதையும் காட்டாது. எங்கே குளிர்ச்சி என்று மட்டும்தான் காட்டும். ஈரமா, ஏ.சி. காற்றா என்று ஊசியை வைத்து நாம்தான் பார்க்க வேண்டும்" என்றார். கேமராவைக் குழந்தையிடம் கொடுத்து, சுவரில் கையை வைத்து எடுக்கச் சொன்னார். சுவரில் ஐந்து விரலும் ஆரஞ்சு நிறத்தில் நின்றன. அந்த நிமிஷத்திலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பாட்டியாகிவிட்டார்.

மச்சிலிருந்து இறங்கி வந்தவர், வெளியே சமையலறை ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயைக் காட்டி, "இதிலிருந்து எத்தனை நாளாகச் சொட்டுகிறது?" என்றார்.

அக்கா பெருமையாக, "ஜூன்லேருந்து" என்றாள். பெருமைக்குக் காரணம், குழாய்க்கு நேர் கீழே அவளுடைய கருவேப்பிலைத் தொட்டி. பாலைவனத்தில் ஓசித் தண்ணீர் என்று அங்கே நகர்த்தி வைத்திருக்கிறாள். செடி தளதளவென்று ஆளுயரம்.

விஷயம் இதுதான். ஏ.சி. காற்றிலிருந்து பிழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியேற வேண்டும். அதில் தூசும் பாசியும் அடைத்துக்கொண்டது. நிரம்பிய தண்ணீரைப் பிடிக்க மெஷினுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு. அந்தத் தட்டின் தண்ணீர் போகும் குழாயை வேண்டுமென்றே ஜன்னலுக்கு மேலே விடுகிறார்கள், சொட்டினால் வீட்டுக்காரர் கண்ணில் படட்டும் என்று. அதாவது அது அபாய மணி. அக்கா மணிக்குக் கீழே தொட்டியை வைத்துவிட்டாள். தட்டின் ஒரு மூலை துருப்பிடித்து ஓட்டையாகி, மிச்சத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிட்டது. அங்கே ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை பருவக்காற்று. காற்றில் ஈரம் ஏறும். ஏ.சி. ராப்பகலாக ஓடும். தண்ணீர் குடம் குடமாக வரும்.

சுவர் என்றால் நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. ஜிப்சம் பலகையின் இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியது. நனைந்த காகிதம் பூஞ்சணத்துக்குப் பிரியாணி. ஒன்றிரண்டு நாளில் உலர்த்தாவிட்டால் பந்தி ஆரம்பம். வெளியே பாலைவனமா சிரபுஞ்சியா என்று அது விசாரிப்பதில்லை.

காற்று சாம்பிள் எடுக்கவில்லையா என்று கேட்டோம். எடுத்தால் அவருக்கு இன்னும் முந்நூறு டாலர் கிடைத்திருக்கும். "கண்ணுக்கே தெரிகிறதே, எதற்கு?" என்றார். அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனமான ஈ.பி.ஏ.யும் அதைத்தான் சொல்கிறது. இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று மத்திய அரசு வரம்பு எதுவும் வகுக்கவில்லை என்பதால், இலவசக்காரரின் பதினாலு பக்க எண்களை எதோடு ஒப்பிடுவது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இதனாலதான் குழந்தைக்கு இருமலா?" அக்கா கேட்டாள். இரண்டு மாதமாக அவள் தொண்டையில் நின்ற கேள்வி.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான் சுவருக்குத்தான் டாக்டர். நுரையீரலுக்கு வேறு ஆளைப் பாருங்கள். இளைப்பு உள்ள குழந்தை இந்த ரூமில் படுக்க வேண்டாம், அதுமட்டும் சொல்வேன்."

குழந்தை டாக்டர் இன்னொரு விஷயமும் சொன்னார். அரிசோனா மண்ணிலேயே வாழும் ஒரு பூஞ்சை உண்டு. புழுதியோடு மூச்சில் போனால் 'வேலி ஃபீவர்' என்று காய்ச்சலும் வாரக்கணக்கில் இருமலும் வரும். வீட்டுச் சுவரில் வருவது வேறு, இது வேறு. எந்த இன்ஸ்பெக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். செய்தார்கள். இல்லை என்று வந்தது. ரிசல்ட் வரும்வரை இரண்டு நாள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அன்றைக்குச் செய்த சாம்பாரில் உப்பு இல்லை, ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ரிப்போர்ட் மூன்றரைப் பக்கம். பூதப் படம் கிடையாது. எந்தச் சுவரை எவ்வளவு வெட்டுவது, பிளாஸ்டிக் திரை எங்கே, மருந்தை மேலே அடித்து மூடக் கூடாது (செத்த பூஞ்சணமும் மூக்கில் ஏறும்), வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்று நறுக்காக எழுதியிருந்தார். ஈ.பி.ஏ. கணக்கில் பத்து சதுர அடிக்குக் குறைந்தால் வீட்டுக்காரரே சுத்தம் செய்துகொள்ளலாம். சுவரின் உட்பக்கத்தில் இருபது இருந்தது. அதனால் வேறொரு ஆளை வைத்தோம். அவருக்கும் அந்த அம்மாளுக்கும் முன்னே பின்னே பழக்கமில்லை என்று உறுதி செய்துகொண்டோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போட்டோம். திடீரென்று குழாய் வெடித்தால் தருவோம், நாள்பட்ட கசிவுக்குக் கிடையாது என்று நல்ல இங்கிலீஷில் கையை விரித்தார்கள்.

வேலை முடிந்ததும் அந்த அம்மாள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை உள்ளேயும் வெளியேயும் காற்று எடுத்து ஒப்பிட வேண்டும். ஆகஸ்ட் 26 என்று நாள் குறித்தோம். 25-ம் தேதி சாயங்காலம் ஃபீனிக்ஸ் மேல் வந்ததே ஒரு புழுதிப்புயல்! வானத்தையும் பூமியையும் சேர்த்து ஒரு பழுப்புச் சுவர் நடந்து வருகிறது. ஏர்போர்ட்டை நிறுத்தினார்கள், ஊரில் பல வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. ராத்திரியே அந்த அம்மாள் போன் பண்ணி, "நாளைக்கு வரமாட்டேன். வெளியே இவ்வளவு புழுதி இருக்கும்போது ஒப்பிட்டால் எந்த வீடும் பாஸாகிவிடும்" என்றார். 29-ம் தேதி வந்தார். பாஸ்.

கணக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது எனக்கு. பரிசோதனை 475, ஏ.சி. குழாயும் தட்டும் 190, சுவர் 2,150, மறுபரிசோதனை 325. ஆக 3,140. மிச்சம் 8,260 டாலர். அதில் எனக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். அத்தான் பேச்சை மாற்றினார்.

குழந்தை இப்போது தன் ரூமில்தான் படுக்கிறாள். ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது, இன்ஹேலர் நிற்கவில்லை. புதுச் சுவரில் அவ்வப்போது கையை வைத்து எடுத்துப் பார்க்கிறாள். ஒன்றும் தெரியவில்லை என்று அவளுக்கு வருத்தம். அக்காவுக்கு வேறு வருத்தம். சொட்டு நின்றதில் கருவேப்பிலை இலை உதிர்த்துவிட்டது.

நான் ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அத்தான் போன் அடித்தது. இலவசக் கம்பெனி. பூஞ்சணம் போகட்டும், ஏ.சி. குழாய்களையாவது இலவசமாகப் பார்த்துத் தருகிறார்களாம். இந்த வாரம் மட்டும்தானாம்.

அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"நீ பேசு மாப்ள. நீதான் பி.காம்."